நான்கு படங்களும் ஒரு கெட்டிமேளமும்

தாலி கட்ட இன்னும் பத்து நிமிடம் இருக்கையில் நான் மணவறையிலிருந்து எழுந்து போனேன்.

கோபத்தில் அல்ல. மாப்பிள்ளை பிடிக்காமலும் அல்ல. பந்தலின் இடது மூலையில் ஒரு யந்திரம் ‘ஊ...’ என்று கப்பல் சங்கு போலக் கத்திக்கொண்டிருந்தது. அதை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பந்தலில் நான்தான்.

கூறைச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கழுத்தில் மாலை ஆடியது. நிறைகுடத்தைத் தாண்டி நடந்தேன். ஐயரின் மந்திரம் பாதியில் நின்றது. முன்வரிசையில் ஒரு கிழவர் வாயில் போடவிருந்த வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

என் முதல் வகுப்பறையைப் பற்றி இந்தப் பத்தியில் சென்ற கிழமை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த பழைய மாணவி ஒருத்தி கடிதம் போட்டிருக்கிறாள். “ரீச்சர், கலியாணத்தில் மணவறையை விட்டு எழும்பி ஓடினது நீங்கள்தானாமே, உண்மையோ?” என்று கேட்டிருந்தாள். உண்மைதான். ஆனால் ஓடவில்லை. கூறைச்சேலையோடு யாராலும் ஓட ஏலாது.

அக்கோடியன் போன வழி

எழுபதுகளின் கடைசிப் பகுதி அது. திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணிதம் படிப்பித்தவள் ஜெஸீமா. கிண்ணியாவில் வீடு. ஒவ்வொரு நாளும் ‘பாதை’யில் ஏறி நீரைக் கடந்து வருவாள். வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக் கரைக்குக் கரை போகும் அந்தத் தட்டைப் படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியைகள், “பாதை வரப் பிந்திப் போச்சு” என்று அவள் சொல்வதைக் கேட்டு விழிப்பார்கள்.

ஜெஸீமாவின் தமையன் ரவூப் நானா துறைமுகத்தில் லோஞ்சிப் படகு ஓட்டியவர். நடுக்கடலில் நங்கூரம் போட்ட கப்பல்களிலிருந்து மாலுமிகளை இறங்குதுறைக்கு ஏற்றி வருவது வேலை. ஓய்வு நேரத்தில் அக்கோடியன் வாசிப்பார். கடற்கரையோரக் கயிற்றுக்கடை ஒன்றின் பின்னறையில் நாலு பேர் கூடிப் பயிற்சி எடுக்கும் வாத்தியக் கோஷ்டியில் அவர்தான் நடுநாயகம்.

ஒருநாள் யப்பான் கப்பலொன்றின் மின்சாரக்காரரோடு அவருக்குச் சிநேகம் உண்டாயிற்று. இருவருக்கும் பொதுவான பாஷை என்று ஒன்றும் இல்லை. மின்சாரக்காரர் அக்கோடியனை மடியில் வைத்து அழாக்குறையாகத் தடவினார். பிறகு தன் அறையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்து இவர் மடியில் வைத்தார். பெட்டியில் மூன்று வரிசை குமிழ்களும், கொஞ்சம் வெள்ளைக் கட்டைகளும், கொஞ்சம் கறுப்புக் கட்டைகளும் இருந்தன. கை குலுக்கினார்கள். மறுநாள் கப்பல் போய்விட்டது, அக்கோடியனோடு.

கயிற்றுக்கடைப் பின்னறையில் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எத்தனை கட்டைகளை அழுத்தினாலும் ஒரு நேரத்தில் ஒரேயொரு சுரம்தான் வரும்.

கோஷ்டியின் கிற்றார்காரர் கத்தினாராம்: “பத்து விரலுக்கும் பத்துச் சத்தம் தந்ததைக் குடுத்துப்போட்டு, பத்து விரலுக்கும் ஒரு சத்தம் தாறதை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறாய்! இதை வச்சுக்கொண்டு கலியாண வீட்டில என்ன செய்யிறது?”

ரவூப் நானா கோஷ்டியிலிருந்து ஏறக்குறைய விலக்கப்பட்டார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்றாள் ஜெஸீமா.

“குமிழுக்குக் கீழ நாலு படம் கீறி இரிக்கு. எழுத்தெல்லாம் யப்பான் பாஷை. உங்கட லேப்ல காட்டிப் பாப்பமா?” என்று கேட்டாள்.

பச்சைக்கோடு

சனிக்கிழமை காலை. சாரமொன்றில் சுற்றிய பெட்டியோடு ரவூப் நானா பாதையில் வந்து இறங்கினார். படகில் பக்கத்தில் நின்ற ஆடு சாரத்தின் ஒரு மூலையைத் தின்றிருந்தது.

ஆய்வுகூடத்தில் எங்களிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. பாடப்புத்தகத்தில் அதன் பெயர் ‘கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி’. பிள்ளைகள் மூச்சுப் பிடித்துச் சொல்லும் பெயர். நாங்கள் ‘பச்சைக்கோடு’ என்போம். எந்தச் சத்தத்தையும் மின்சாரமாக்கி உள்ளே விட்டால், அதன் உருவத்தைக் கண்ணாடித் திரையில் பச்சை வெளிச்சத்தால் கீறிக் காட்டும்.

பெட்டியில் இருந்த நான்கு படங்களையும் பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உருண்டு ஏறி உருண்டு இறங்கும் அலை. கூரை போல முக்கோணம். ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் செங்குத்தாக விழும் வாளின் பல். நாலாவது, சதுரம். இரண்டு வருடமாகக் கரும்பலகையில் இவற்றைத்தான் கீறிக்கொண்டிருந்தேன். ‘ஒரே சுருதியில் ஒலித்தாலும் புல்லாங்குழலையும் வயலினையும் வேறுபடுத்தி அறிய உதவுவது ஒலியின் பண்பு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்தப் படங்களின் சத்தத்தை நான் காதால் கேட்டதே இல்லை.

“முதல் படம், நானா.”

அவர் குமிழைத் திருப்பி ஒரு கட்டையை அழுத்தினார். திரையில் வழுவழுவென்று ஒரு பச்சை அலை. சோடாப் போத்தலின் வாயில் ஊதியது போல ஒரு சத்தம். உருண்டையானது, மொட்டையானது.

“ஒண்டுமே இல்லாத சத்தம்” என்றார் ரவூப் நானா ஏமாற்றத்தோடு. “கறி இல்லாத வெறுஞ்சோறு.”

அவர் சொன்னது அவ்வளவு சரி! அந்த அலையில் அடிப்படைச் சுரம் ஒன்றுதான் இருக்கும். மேலே வேறு எதுவும் கிடையாது. மற்ற ஒலிகளில் அந்தச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் அதிரும் மேற்றொனிகள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். எது எவ்வளவு வருகிறது என்பதில்தான் குரலின் குணமே இருக்கிறது.

முக்கோணம் கொஞ்சம் உப்புப் போட்ட சோறு. புல்லாங்குழலின் சாயல்.

சதுரத்தைத் திருப்பினோம். ஒரு பெரிய குழாய்க்குள் நின்று யாரோ பாடுவது போலக் கேட்டது. ஒற்றைப்படை மேற்றொனிகள் மட்டும் வருவதால் வரும் வெறுமை அது. “கிளாரினெற்!” என்று மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

வாள்பல்லுக்கு வந்தபோது ஜெஸீமா காதைப் பொத்திக்கொண்டாள். அதில் எல்லா மேற்றொனிகளும் வரிசையாக வந்து குவியும். பலாப்பழத்துக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். மேலே உள்ளவற்றை மெல்ல மெல்ல வடித்துவிடும் இன்னொரு குமிழ் இருந்தது. அதைத் திருப்பத் திருப்ப, வண்டின்மேல் யாரோ போர்வையைப் போட்டு மூடியது போலச் சத்தம் மங்கியது. திறந்தால் மறுபடி சீறியது.

மூன்று பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. மாறி மாறித் திருப்பினோம். ரவூப் நானா சேவல் போலக் கூவ வைத்தார். ஜெஸீமா பாடசாலை அதிபரின் குரலை வரவழைத்துவிட்டு மேசைமேல் விழுந்து சிரித்தாள். என் வயிறு வலித்தது.

அப்போதுதான் நான் கடைசி வரிசையில் இருந்த ஒரு குமிழைத் தொட்டேன். திரையில் நின்ற சதுரம் ஒடுங்கத் தொடங்கியது. பாதி மேலே பாதி கீழே என்று சமமாக நின்ற அது ஒல்லியாகி, ஒல்லியாகி, ஒரு கீற்றாயிற்று. சத்தமும் கூடவே மாறியது. குழாய்க்குள் நின்ற குரல் மெல்ல மூக்குக்கு ஏறியது. கூர்மையாக, வீறாக, ஒரு நாணலின் நடுக்கத்தோடு.

ரவூப் நானா ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் குமிழையும் திருப்பிவிட்டு, நாலைந்து கட்டைகளை விரலால் உருட்டினார்.

“ரீச்சர்!” என்றார், கண் இரண்டும் விரிய. “இது நாதஸ்வரம்!”

வெளியே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தோம். பாடசாலைக் காவலாளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கேற்றடியில் நின்று வீதியின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தக் கோயில் சாமி வருது பிள்ளையள்?” என்று எங்களைக் கேட்டார்.

கந்தளாயில் நின்ற பேருந்து

இது நடந்து சில மாதத்தில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மட்டக்களப்புப் பக்கம். நில அளவைத் திணைக்களத்தில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேநீரைக் குடித்தார், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார், போனார். ‘இந்த மனுசனோடு எப்படிக் கதைச்சுக் காலம் போக்கிறது’ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவருடைய தாயார், என் மாமி, அதற்கு நேர்மாறு. எல்லாவற்றையும் கேட்டார். பல்லுக்குழி உண்டா என்று மட்டும்தான் கேட்கவில்லை.

கார்த்திகை மாதக் கடைசி முகூர்த்தம். லிங்கநகரில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே பந்தல். நாதஸ்வரக்காரர்கள் இருவரும் அண்ணன் தம்பி. வெளியூரில் ஒரு கச்சேரி முடித்துக்கொண்டு காலைப் பேருந்தில் வருவதாக ஏற்பாடு. தவில்காரர் கந்தையா அண்ணை உள்ளூர் ஆள். விடியவே வந்து, தவிலைத் துணியால் மூடி வைத்துவிட்டு, இரண்டாவது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போது சந்திக் கடைக்குத் தொலைபேசி வந்தது. கந்தளாய்த் தபாற்கந்தோரிலிருந்து நாதஸ்வரக்காரர்களில் மூத்தவர் பேசினாராம். இரவு பெய்த மழையில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, பேருந்து அசையாது, மத்தியானத்துக்கு முன் வர ஏலாது.

அப்பா கதிரையில் பொத்தென்று இருந்தார்.

மாமியின் குரல் உள்ளறை வரை கேட்டது. “மேளம் இல்லாமத் தாலியா? செத்த ஊட்டிலயும் பறை கேக்கும். இந்த முகூர்த்தம் வேணாம். தையில ஒரு நல்ல நாளாப் பாப்பம்.”

அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “தைக்கெண்டு போனால் அதுக்குள்ள ஆயிரம் கதை வரும். இது குழம்பிப் போயிடும்.”

நான் தலையில் பூவோடு உட்கார்ந்திருந்தேன். பேசாத அந்த மாப்பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். பயந்தேன் என்று சொன்னேன் அல்லவா? ஆனால் கலியாணம் குழம்பிவிடும் என்றதும், அது குழம்பக்கூடாதே என்று ஏன் நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒலிபெருக்கிக்காரரிடம் ஒரேயொரு நாதஸ்வர இசைத்தட்டு இருந்தது. அதுவும் கீறல் விழுந்தது. கந்தையா அண்ணை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “ஐயர் கை காட்டுற நேரத்துக்குக் கெட்டிமேளம் விழவேணும். இசைத்தட்டுக்குக் கண் இருக்கோ ஐயரைப் பாக்க? நான் வாசிக்கமாட்டன்.”

என் தலைமயிரில் ஊசி குத்திக்கொண்டிருந்த ஜெஸீமா என் காதுக்குள் குனிந்தாள்.

“நானாட மெஷின்?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரிக்கத் தொடங்கினோம். கலியாணப் பெண் இப்படிச் சிரிக்கக்கூடாது என்று பெரியம்மா அதட்டினார். அதற்குள் ஜெஸீமா வாசலுக்கு ஓடிவிட்டாள்.

மூக்கடைக்கட்டும்

ரவூப் நானா கயிற்றுக்கடையிலிருந்து பெட்டியை ஒரு வாடகைக் காரில் கொண்டுவந்தார். ஒலிபெருக்கியோடு தொடுத்தார்கள். ஆய்வுகூடத்தில் நான் குமிழ்களின் நிலையைக் கீறிக்கொடுத்த கடதாசி அவர் சட்டைப்பையில் இருந்தது.

கந்தையா அண்ணை பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். “இதுக்கு மூச்சு எங்கால?”

“கரண்டில அண்ணே” என்றார் ரவூப் நானா.

“ம். சரி, ஒருக்கா அழ வை பாப்பம்.”

அழ வைத்தார். கந்தையா அண்ணையின் புருவம் ஏறியது. அவர் வாயால் பாடிக் காட்டினார், ரவூப் நானா பிடித்தார். கலியாண வீடுகளில் வாசித்து வாசித்துப் பழகிய காது நானாவுக்கு. கால் மணித்தியாலத்தில் தவில் துணி விலகியது.

மாமி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். ஆனாலும் மேளச் சத்தம் கேட்கிறது, வீதியில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எதைச் சொல்லி நிறுத்துவது?

எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கூறை மாற்றி வந்து மணவறையில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் மாலைத்தட்டை வைக்க இடமில்லாமல், பெட்டியின்மேல் கொண்டுபோய் வைத்தான். தட்டின் விளிம்பு குமிழ்களை உருட்டிவிட்டது. நாதஸ்வரம் ஒரு நொடியில் சோடாப் போத்தலாயிற்று.

‘ஊ...’

பந்தலில் சிரிப்பு எழுந்தது. ரவூப் நானா கடதாசியைத் தேடினார். அது காற்றில் எங்கோ போயிருந்தது. கையில் கிடைத்த குமிழையெல்லாம் திருப்பினார். சேவல் கூவியது. வண்டு இரைந்தது. மாமி எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் நானும் எழுந்தேன்.

பெட்டியடிக்குப் போய்ப் பார்த்தேன். மழைக்குப் பிந்திய வெயில் பந்தல் கிடுகின் இடுக்கால் நேராகப் பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. சூடேறச் சூடேறச் சுருதியும் மேலே மேலே நழுவியது. அலைக் குமிழைச் சதுரத்துக்குத் திருப்பினேன். கிளாரினெற் வந்தது. இனி ஒடுக்கவேண்டும். எவ்வளவு? ஆய்வுகூடத்தில் பச்சைக்கோடு இருந்தது. இங்கே ஒன்றும் இல்லை.

“அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ” என்றேன்.

கந்தையா அண்ணை கண்ணை மூடினார். நான் குமிழை மெல்லத் திருப்பினேன்.

“இன்னும் கொஞ்சம் மூக்கடைக்கட்டும்... இன்னும்... ஐயோ, இது தடிமன் பிடிச்ச மூக்கு, திரும்பி வா பிள்ளை... ஆ! அதுதான்! அதை விட்டிடாதை!”

அந்த நேரத்தில் என்மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். மாப்பிள்ளை. தலைப்பாகையோடு, மாலையோடு, மணவறையை விட்டு எழுந்து வந்து நிற்கிறார். தோளிலிருந்த சால்வையை எடுத்து இரண்டு கையாலும் விரித்து, பெட்டிக்கு வெயில் படாமல் பிடித்தார்.

“இப்பிடிப் பிடிச்சாக் காணுமா?” என்றார்.

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் அவை.

“இன்னும் கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ” என்றேன் நான். தாழ்த்திப் பிடித்தார். நான் சுருதிக் குமிழைத் திருப்பித் தவிலின் சுருதியோடு சேர்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தோம், ஏலவில்லை. தலைப்பாகை சரிந்து அவர் கண்ணை மறைத்தது. பந்தல் முழுவதும் கைதட்டியது.

“முகூர்த்தம்! முகூர்த்தம்!” என்று ஐயர் மணியை ஆட்டினார்.

பக்கத்தில் நின்ற இருவரிடம் சால்வையைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். ஐயர் கை காட்டினார். கந்தையா அண்ணை தவிலில் இறங்கினார். ரவூப் நானா உச்சத்துச் சுரமொன்றைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த வீறில் பந்தல் கால்களே அதிர்ந்தன. மூன்று முடிச்சும் விழுந்து முடியும்வரை ஒரே இழையாக அது நின்றது. என் கழுத்தின் பின்னால் மாப்பிள்ளையின் விரல்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன.

மாமியின் விரல்

பந்தியின் இரண்டாம் சுற்று நடக்கும்போது நாதஸ்வரக்காரர்கள் முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தார்கள். பந்தல் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. மூத்தவர் சாப்பாட்டையும் பார்க்கவில்லை, கால் கழுவவும் இல்லை. நேரே கந்தையா அண்ணையிடம் போனார்.

“சந்தியிலயிருந்து கேட்டுக்கொண்டு வாறம். எந்த ஊர் வித்துவான் அது? ஒருக்காலும் மூச்செடுக்கேல்லையே!”

கந்தையா அண்ணை சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. பெட்டியைக் காட்டியதும் மூத்தவர் குனிந்து அதன் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் நாதஸ்வரத்தை உறையிலிருந்து எடுத்தார். “நான் மூச்செடுக்கிற இடத்தில நீர் பிடியும்” என்று ரவூப் நானாவிடம் சொன்னார். அன்று மத்தியானம் அந்தப் பந்தலில் நடந்தது போன்ற ஒரு கூத்தை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை. வாசலில் நின்ற கிற்றார்காரரும் கேட்டார். அடுத்த கிழமை ரவூப் நானா கோஷ்டியில் மறுபடி நடுவில் இருந்தார்.

எல்லோரும் கலைந்தபின் ரவூப் நானா கம்பிகளைச் சுற்ற ஆயத்தமானார். நான் பெட்டியடியில் நின்றேன். மாமி வந்தார். ஏச்சு விழப் போகிறது என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

“புள்ள, இதில வயலின் வருமா?”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“கலியாணத்துக்கு முந்தி நான் பழகினனான்” என்றார், எங்கோ பார்த்தபடி. “நாலு வருசம். பிறகு எடுக்கேல்ல.”

“வரும் மாமி.”

வயலினின் வில் தந்தியைப் பற்றி இழுக்கும், பிறகு சட்டென்று வழுக்கவிடும். மறுபடி பற்றும், மறுபடி வழுக்கவிடும். அந்த இழுப்பையும் விழுகையையும் தாளில் கீறினால் வாளின் பல்தான் கிடைக்கும். குமிழை வாள்பல்லில் வைத்தேன். இரைச்சல் அடங்க, வடிக்கும் குமிழால் மேலே ஒரு போர்வை போட்டேன். சுரம் மெல்ல எழும்படி திருப்பினேன்.

“இப்ப அழுத்துங்கோ.”

மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்தார். சுட்டுவிரலால் ஒரு வெள்ளைக் கட்டையை மெதுவாக அழுத்தினார்.

நீண்ட, வளமான ஒரு சுரம் எழுந்து வெறும் பந்தலில் நின்றது. மாமி விரலை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வாகனம் வந்துவிட்டது என்றார்கள். அவர் விரலை எடுக்கவே இல்லை.

“வாகனம் நிக்கட்டும்” என்றார் மாமி.